திருப்பிப் போடும் நேரம்

'முசிறியில் முசிறியின் இசைத்தட்டு ஒன்றுகூட இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டுத்தான் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார் அந்த வீட்டு மாமி. டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடியபோதுதான் பூஜை அலமாரி கண்ணில் பட்டது. சுவாமி படங்களுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கிண்ணம். விளிம்பு நேராக இல்லாமல் ஏறியும் இறங்கியும் பூவிதழ் மாதிரி வளைந்திருந்தது. உள்ளே குங்குமம். மண்ணும் இல்லை, மரமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. விளிம்பில் வெளிச்சம் பட்ட இடத்தில் மெல்லிய கோடுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, முடிவே இல்லாமல் சுற்றிப் போயின.

"அதுவா? எங்க மாமியார் பண்ணினது. பழைய பிளேட்டை வெந்நீர்ல போட்டு வளைச்சாளாம்" என்றார்.

அரக்கால் செய்த பழைய இசைத்தட்டைக் கொதிநீரில் போட்டால் அப்பளத்துக்குப் பிசைந்த மாவுபோல் இளகிவிடும். கவிழ்த்து வைத்த பாத்திரத்தின் மேல் போட்டால் ஓரம் தானாகத் தொங்கும். ஆறினால் கிண்ணம். நடுவில் இருக்கும் ஓட்டையை மெழுகாலோ ஒரு காசாலோ அடைத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்த பூத்தட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்தது அன்றுதான்.

நான் தேடிக்கொண்டிருந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1930-களில் காவிரிக் கரை ஊர்களில் கிராமபோன் யார் வீட்டில் இருந்தது, அதில் என்ன பாட்டு கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் என் ஆய்வு. பாடியவர்களைப் பற்றியும் விற்றவர்களைப் பற்றியும் எழுத ஆள் உண்டு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கௌஹர் ஜானைப் பதிவு செய்தது வரலாறாகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மைக்கேல் கின்னியர் இந்தியாவின் முதல் பதிவுகளைத் தேடித் தொகுத்து 1994-ல் புத்தகம் போட்டார். மும்பையில் சுரேஷ் சந்த்வங்கர் போன்றவர்கள் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். காரைக்குடியில் ஏ.வி. அண்ட் சன்ஸ் கடையில் தட்டு விற்ற மெய்யப்பச் செட்டியார் பிறகு சென்னை வந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் பங்காளியாகி, ஏவி.எம். ஆன கதையும் எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்கி, வீட்டுக் கூடத்தில் கீ கொடுத்துக் கேட்டவர்களைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்கள் கைபட்ட தட்டுகளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

முசிறிக்கு வந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. சங்கீதத்தில் ஊர்ப் பெயரே ஆளின் பெயராகிவிடும். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி என்றால் ஊரை யாரும் நினைப்பதில்லை. அந்த வரிசையில் முசிறி என்றால் சுப்ரமணிய ஐயர். 1899 ஏப்ரல் 9-ல் பிறந்தவர். பிறந்தது திருச்சி மாவட்டத்தில் பொம்மலப்பாளையம் என்ற சிற்றூரில். ஆனால் பெயரில் ஏறி உட்கார்ந்தது முசிறி. கிட்டப்பாவின் பாட்டில் மயங்கி, கரூர் சின்னசாமி ஐயரிடமும் பிறகு நெடுங்காலம் டி.எஸ். சபேச ஐயரிடமும் பயின்றவர். மேல் ஸ்தாயியில் அநாயாசமாகப் போய் நிற்கும் குரல். நிரவல் என்றால் இன்றைக்கும் முதலில் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். 1938-ல் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ எடுத்த 'துக்காராம்' படத்தில் துக்காராமாக நடித்தார். அதற்குப் பின் படம் பக்கம் போகவில்லை. 1939-ல் சங்கீத கலாநிதி, 1949 முதல் சென்னை மத்திய கர்நாடக இசைக் கல்லூரி முதல்வர், 1971-ல் பத்மபூஷண், 1975-ல் மறைவு. மயிலாப்பூரில் அவர் குடியிருந்த ஆலிவர் ரோடு இன்று முசிறி சுப்ரமணியம் சாலை.

அந்தப் பெயரைத் தாங்கிய தட்டுகள் எங்கெங்கோ போயின. அப்படியானால் முசிறி ஊருக்குள் அவை எத்தனை வந்தன? என் கேள்வி இவ்வளவுதான்.

தொடக்கமே சிக்கல். நூலகப் பட்டியல்களில் 'முசிறி' என்று தேடினால் சேர நாட்டுத் துறைமுகம் வந்து நிற்கும். யவனர் மரக்கலம், பொன், மிளகு, வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் ஒப்பந்தம், கேரளத்துப் பட்டணம் அகழாய்வு என்று நூறு தலைப்புகள். சங்கப் புலவர்கள் பாடிய முசிறிக்கும் காவிரி வடகரையில் குளித்தலைக்கு எதிரே இருக்கும் இந்த முசிறிக்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவில்லை. இரண்டு நாள் மிளகிலேயே போயிற்று.

ஊருக்குள் முதலில் போனது பழைய ரேடியோ செட்காரர் ஒருவரிடம். ஒரு வட்டாரத்தில் இசைத்தட்டு எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் அவர்களைத்தான் கேட்கவேண்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் பந்தல்கால் நட்டதும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். 45 சுற்றுத் தட்டுகள் நூறுக்குமேல் இருந்தன. ஒவ்வொன்றின் உறையிலும் அவர் கையெழுத்தில் 'பொண்ணு அழைப்பு', 'தாலி கட்டு', 'பந்தி' என்று எழுதியிருந்தது. எந்தப் பாட்டு எந்த நேரத்துக்கு என்ற கணக்கு அது. ஒரு ஊரின் கல்யாண முறையையே அந்தப் பெட்டியிலிருந்து எழுதிவிடலாம். அதைப் பற்றித் தனியாக எழுதத்தான் போகிறேன்.

"அரக்கு பிளேட்டு இல்லீங்களா?"

"அது எங்கப்பா காலம் தம்பி. மாட்டு வண்டியில வைக்கோல் போட்டுக் கொண்டு போவாரு. தொட்டியம் போறதுக்குள்ள ரெண்டு ஒடைஞ்சிருக்கும். கச்சேரி பிளேட்டெல்லாம் அப்பவே எங்ககிட்ட இல்லை. கல்யாணத்துல குழாயில அதைப் போட்டா சனம் நிக்காது. அதெல்லாம் அக்ரகாரத்துல வீட்டுக்குள்ள கேக்கற சமாச்சாரம்."

அவர் சொன்னதில் ஒரு வரலாறு இருக்கிறது. 78 சுற்றுத் தட்டு இந்தியாவில் 1960-களின் பிற்பகுதிவரை வந்துகொண்டிருந்தது. மேல்நாட்டில் 1948-லேயே வினைல் நெடுந்தட்டு வந்துவிட்டது. பீட்டில்ஸ் பாட்டுகூட நம் நாட்டில் 78 சுற்று அரக்குத் தட்டில் அச்சானது. இன்று அதற்கு உலகச் சந்தையில் பெரும் விலை. கீ கொடுக்கும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம் என்பதால் கிராமங்கள் அதை விடவில்லை. மின்சாரமும் டிரான்சிஸ்டரும் வந்த பின்தான் அரக்குத் தட்டு பரணுக்கு ஏறியது. பரணிலிருந்து இறங்கியது பழைய இரும்புக் கடைக்கு. எடைக்குப் போடக்கூட அது உதவவில்லை, உருக்கி எடுக்க அதில் உலோகம் இல்லை என்று ஒரு கடைக்காரர் எனக்கு விளக்கினார். கோரைப்பாய் வியாபாரி ஒருவர் வீட்டில் பெட்டி மட்டும் இருந்தது. குழாய் இல்லை, ஊசி இல்லை, சுருள்வில் அறுந்து கிடந்தது. எண்பதுகளில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்த ஒருவர், திருச்சி சின்னக்கடை வீதியிலிருந்து வெற்றுக் கேசட் வாங்கி வந்து, வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த சீட்டின்படி பாட்டுப் பிடித்துக் கொடுத்த கதையைச் சொன்னார். 'முசிறி' என்று ஒருவர்கூட எழுதிக் கொடுத்ததில்லையாம். அதைக் கேட்ட பிறகுதான் அடிக்கோடு போட்டேன்.

இப்போது கிண்ணத்துக்கு வருகிறேன்.

மாமியிடம் அனுமதி கேட்டேன். குங்குமத்தை ஒரு வாழையிலையில் கொட்டி, கிண்ணத்தைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். கனம் இருந்தது. வெளிப்புறம் அடியில் ஒட்டியிருந்த காகிதம் அலமாரிப் பலகையில் தேய்ந்து தேய்ந்து முழுக்கப் போய்விட்டிருந்தது. உள்புறத்துக் காகிதம் மட்டும் சிவப்பேறிக் கிடந்தது. கம்பெனிச் சின்னம் இருக்கவேண்டிய மேல்பாதி உரிந்துபோயிற்று. கீழ்ப்பாதியில், பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தபோது, தமிழ் எழுத்தில் 'முசிறி' என்று வந்தது. அதற்குக் கீழே '2' என்ற இலக்கம். பாட்டின் பெயர் இருந்த வரி குங்குமத்தோடு கரைந்திருந்தது.

ஊர் முழுக்கத் தேடியும் கிடைக்காத தட்டு அம்மனுக்கு முன்னால் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது என்று சொல்ல வெட்கமில்லை.

இனித்தான் துப்பறியும் வேலை. அந்தத் தட்டை எந்தப் பெட்டியிலும் போட்டுக் கேட்கமுடியாது. ஆனால் இசைத்தட்டு பேசுவது பாட்டால் மட்டுமில்லை. பாட்டு முடிந்து, கோடுகள் நின்று, காகிதம் தொடங்குவதற்கு முன் வழவழப்பான ஒரு வளையம் இருக்கும். அங்கே சில எழுத்துகளும் எண்களும் பொறித்திருப்பார்கள். பாடகர் பாடும்போது மெழுகில் பதிவாகும் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் கொடுத்து அந்த மெழுகிலேயே கீறிவிடுவார்கள். மெழுகிலிருந்து உலோக அச்சு, அச்சிலிருந்து அரக்கு. ஆகவே எத்தனை ஆயிரம் தட்டு அடித்தாலும் அந்தக் கீறல் எல்லாவற்றிலும் இருக்கும். காகிதம் கிழிந்தாலும் தட்டின் பிறப்புக் குறி போகாது. கிண்ணத்தின் அடி தட்டையாக இருந்ததால் அந்த வளையம் தப்பியிருந்தது. பென்சில் தூளைத் தூவி, மெல்லிய தாளை வைத்துத் தேய்த்து எண்ணைப் படி எடுத்தேன்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அடியின் தட்டைப் பகுதியில், நடு ஓட்டையிலிருந்து 6.2 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சாம்பல் நிறப் பட்டை. அகலம் 3 மில்லிமீட்டர். மற்ற இடமெல்லாம் கறுப்பு, அந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. பட்டையின் வெளி ஓரத்தில் புள்ளி புள்ளியாகக் குத்துக் காயங்கள்.

தேய்வு எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் இதன் அர்த்தம் புரியும். தட்டில் அரக்கு ஒரு பங்குதான். மீதி கல் தூள், கரி, பஞ்சு. கல் தூள் சேர்ப்பது வேண்டுமென்றே. உருக்கு ஊசியை அது அரைத்துக் கோட்டின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று கணக்கு வைத்திருந்தார்கள். நாய் மார்க் தகர டப்பியில் 200 ஊசி வரும். ஊசியை மாற்றாமல் சிக்கனம் பிடித்தால் அடுத்த முறை அது தட்டை அரைக்கும். பெட்டியின் தலைப்பகுதி நூறு கிராமுக்கு மேல் கனத்தோடு அந்தக் கோட்டின் மேல் அழுத்துகிறது. தட்டு முழுக்க ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அடிக்கடி கேட்டார்கள் என்று பொருள். ஓரிடம் மட்டும் தேய்ந்து, அதன் தொடக்கத்தில் குத்துக் காயமும் இருந்தால், யாரோ ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் மூன்று நான்கு கோடு அடங்கும். 3 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய பத்துச் சுற்று. நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் எட்டு வினாடி.

எட்டு வினாடிப் பாட்டை ஒருவர் மறுபடி மறுபடி கேட்டிருக்கிறார். எந்தப் பாட்டில், எந்த எட்டு வினாடி?

சென்னைக்குப் போனேன். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அச்சுக் குவியல்தான் அந்த நூலகத்துக்கு அடித்தளம். கிராமபோன் பாட்டுகளின் சாகித்தியத்தை மட்டும் அச்சடித்துக் காலணா அரையணாவுக்கு விற்ற சிறு புத்தகங்கள் ஒரு காலத்தில் ஏராளம். தட்டு வாங்க முடியாதவர்கள் அதை வாங்கிக்கொண்டு, தட்டு இருந்த வீட்டு வாசலில் நின்று பாட்டோடு சேர்த்துப் படித்தார்கள். அவற்றைப் புரட்டியது வீண் போகவில்லை என்றாலும் என் எண்ணுக்கு விடை அதில் வராது என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. பதிவெண் அச்சுப் புத்தகத்தில் ஏறாது. தட்டோடு தட்டை வைத்துத்தான் ஒப்பிடவேண்டும்.

சேகரிப்பாளர் ஒருவர் உதவினார். அவர் வீட்டில் முசிறியின் தட்டுகள் தனி அடுக்கு. பென்சில் படியை நீட்டினேன். அவர் ஒவ்வொரு தட்டாக விளக்கில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழாவது தட்டில் நின்றார். திருப்பினார். எண் ஒத்துப்போயிற்று.

'நகுமோமு.'

பாட்டின் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. முசிறி தட்டுகளில் இதைவிடப் பெயர் பெற்றது கிடையாது. தியாகராஜரின் ஆபேரி கீர்த்தனை. அந்த ராகத்துக்கு ஆதியில் சுத்த தைவதம் என்று சொல்லும் வித்வான்கள் உண்டு. இன்று நாம் கேட்கும் சதுச்ருதி தைவத உருவம் வீடு வீடாகப் பரவியதற்கு முசிறியின் தட்டு பெரிய காரணம் என்று சங்கீத உலகில் பரவலாகச் சொல்கிறார்கள். பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம். நிரவலுக்குப் பெயர் போன ஒருவர், ஒரு வரியை எடுத்துக்கொண்டு மேடையில் வெகுநேரம் உருகக்கூடியவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாடவேண்டிய நிலைமை. மூன்று நிமிடம் என்றால் 234 சுற்று. அதற்குள் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று அவர் எடுத்த முடிவுதான் பிறகு லட்சக்கணக்கான காதுகளுக்கு அந்தப் பாட்டின் உருவமாயிற்று.

சேகரிப்பாளர் தன் தட்டைச் சுழலவிட்டார். இரண்டாம் பக்கம். நடுவிலிருந்து 6.2 சென்டிமீட்டர் அளந்து, சிறு அட்டைத் துண்டால் குறி வைத்துக்கொண்டு, ஊசியை இறக்கினோம். சரணத்தின் பின்பகுதி. குரல் மேலே ஏறி, அங்கே ஒரு கணம் நின்று, பிருகாவாக உதிர்ந்து கீழே வந்தது. எட்டு வினாடி.

"இது கேட்டு ரசிக்கறதுக்காக வெச்ச ஊசி இல்லை. பாடம் பண்ணிருக்கா" என்றார் அவர். அதையேதான் நானும் நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இந்தப் பாட்டு இன்று கைப்பேசியில் கிடைக்கிறது. ரயிலில் திரும்பும்போது அதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். இரைச்சலை நீக்கி, இரண்டு பக்கத்தையும் வெட்டி ஒட்டி, ஒரே ஓட்டமாக ஆக்கியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு, பிரியத்தோடு செய்த வேலை. ஆனால் பதிவெண் இல்லை. முதல் பக்கம் எங்கே முடிந்தது என்று தெரியாது. பழைய வடிவங்களின் மேல் இருக்கும் ஏக்கத்தை வெறும் பழமைப் பித்து என்று சொல்கிறவர்கள் பாட்டு எங்கும் போய்விடவில்லையே என்று கேட்பார்கள். பாட்டு போகவில்லைதான். கேட்டவரின் விரல் எங்கே பட்டது என்பது கோப்பில் பதியாது. அது பொருளில்தான் பதியும்.

அந்த விரல் யாருடையது? முசிறி மாமியிடம் தொலைபேசியில் கேட்டேன். மாமியார் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. பிறந்த வீடு ஸ்ரீரங்கம். கடைசித் தங்கை இன்னும் அங்கேதான், உத்தர வீதியில், மகன் வீட்டில். "போய்ப் பாருங்கோ, தொண்ணூறு ஆகப்போறது. ஆனா ஞாபகமெல்லாம் கெட்டி."

ஸ்ரீரங்கத்தில் அந்தப் பாட்டி வாசல் பக்கத்து அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கிண்ணத்தின் புகைப்படத்தைக் காட்டினேன். படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா பண்ணினதா இது? பிளேட்டை வெந்நீர்ல போட்டாளா?" என்று கேட்டுவிட்டு, உடனே அவரே, "போடாம என்ன பண்ணுவா? அவாத்துல பெட்டி ஏது?" என்றார்.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் கணக்குப் பிள்ளை. 1928-ல் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது அதோடு வந்த குடும்பங்களில் ஒன்று. யாரோ வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன கிராமபோன் பெட்டியை அப்பா வாங்கினாராம். தட்டு மொத்தம் பதினொன்று. அதற்குள்தான் எல்லாம். திருச்சி வானொலி 1939 மே 16-ல் ஒலிபரப்பைத் தொடங்கிய பிறகும் அவர்கள் வீட்டுக்கு ரேடியோ வரப் பல வருடம் ஆயிற்று.

"அக்காவுக்குப் பாட்டு வாத்தியார் வைக்கலையா?"

"அண்ணாவுக்கு வெச்சா. அவன் ஓடி ஓடிப் போயிடுவான். பொம்மனாட்டிக் குழந்தைக்கு எதுக்குன்னு அப்பாவோட அம்மா சொல்லிட்டா. அக்கா பிளேட்டை வெச்சே பாடம் பண்ணினா. மத்தியானம் எல்லாரும் தூங்கறச்சே. குழாய்க்குள்ள துணியை அடைச்சுடுவா, சத்தம் வெளில வராம. எனக்கு கீ குடுக்கற வேலை."

வரலாற்றில் அந்த அக்கா தனியாள் இல்லை. தென்னிந்தியாவின் ஆரம்ப காலத் தட்டுகளில் பாடியவர்களில் பலர் கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற பெண்கள்தான். கோயம்புத்தூர் தாயியின் தட்டைக் கேட்டுத்தான் மொரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதன் சாயலில் எழுதினார். 1926-ல் பத்து வயது எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல் தட்டில் ஏறியது. பாடிய பெண்களின் பெயர் தட்டிலேயே இருக்கிறது. கேட்டுப் படித்த பெண்களின் பெயருக்கு அதில் இடமில்லை.

"நகுமோமு பாடுவேளா பாட்டி?"

"குரலே போயிடுத்தே." சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தேன். பல்லவி. குரல் நைந்திருந்தது, சுருதி நைந்திருக்கவில்லை. தைவதம் அந்தத் தட்டின் தைவதம். சங்கதிகளும் அதே வரிசையில் வந்தன, ஒன்று கூடவோ குறையவோ இல்லை. முசிறி எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே பாட்டியும் மூச்சு வாங்கினார். அனுபல்லவி முடிந்து பல்லவிக்கு வந்து நின்றது.

பாட்டி நிறுத்திவிட்டார்.

மறந்துவிட்டார் என்று நினைத்து எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். அந்த வலது கை அப்படியே மடியின் பக்கம் இறங்கி, காற்றில் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். இன்னும் ஒன்று. கண் மூடியே இருந்தது. பிறகு கேட்டுப் பார்த்ததில் அந்த இடைவெளி பதினான்கு வினாடி. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்ததும், மின்விசிறியின் சத்தமும் அதில் பதிவாகியிருக்கின்றன. பதினைந்தாவது வினாடியில் சரணம் தொடங்கியது. சொல்லி அனுப்பியும் கருடன் விரைந்து வரவில்லையா என்று தியாகராஜர் ராமனைக் கேட்கும் இடம்.

தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசி மாற்றி, கீ கொடுக்கும் நேரம் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருந்தது. வேறு மாதிரி அவர் அதைக் கேட்டதே இல்லை. கச்சேரியில் கேட்டதில்லையா என்று பிறகு கேட்டபோது, "கேட்டிருக்கேன், எல்லாரும் அவசரமா பாடறா" என்றார்.

சரணத்தின் பின்பகுதி வந்தது. குரலால் ஏற முடியவில்லை. விரலால் ஏறினார். மேலே நின்று, உதிர்ந்து, கீழே வந்தது. உடனே அதையே மறுபடி பாடினார். மூன்றாம் முறையும் பாடினார். என் கையில் இருந்த குறிப்பேட்டில் 6.2 என்று எழுதி வட்டமிட்டிருந்தேன். அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"இந்த எடத்துல அக்கா மூணு தடவை வைப்பா. மூணாந்தரம்தான் அவளுக்கு வரும்" என்றார். "கல்யாணமாகிப் போறச்சே அப்பா எது வேணும்னு கேட்டார். இந்த ஒரு பிளேட்டை எடுத்துண்டா. பெட்டி எங்காத்துலயே இருந்தது, பிளேட் அவாத்துக்குப் போயிடுத்து. நாங்க பத்து பிளேட்டை வெச்சுக் கேட்டுண்டிருந்தோம். அவ ஒண்ணை வெச்சுண்டு சும்மா இருந்தா."

முசிறியில் அந்தப் பெண் பாடிக் கேட்டவர் யாராவது உண்டா என்று விசாரிக்க மறுநாள் காலை பஸ் ஏறினேன். மருமகள் மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். பாட்டெல்லாம் இல்லை, குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டு மோதிர விரலைக் கிண்ணத்தின் உள்பக்கம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார், அது ஒரு பழக்கம் என்றார். அலமாரியிலிருந்து கிண்ணத்தை எடுத்து எப்படி என்று செய்து காட்டினார். நகம் கோடுகளின் மேல் ஓடியபோது சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.